படத்தில் இல்லாத கால்வாய்

இதை எழுதத் துணிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பேனாவை எடுப்பேன், அஸர் பாங்கு கேட்கும், தொழுதுவிட்டு வந்து எழுதலாம் என்று மூடி வைப்பேன். தொழுது வந்த பிறகு ஒருவரைப் பற்றிக் குறை எழுதக் கை எழாது. புறம் பேசுவது பெரும் பாவம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அதிலும் மண்ணுக்குள் போய்விட்டவர்களைப் பற்றிப் பேசுவது இன்னும் பாவம். போதாததற்கு என் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. "நீங்க எழுதினா உப்பு புளி மிளகா ஜாபிதா மாதிரிதான் இருக்கும்" என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கட்டும். குற்றமில்லாத ஒரு மனிதன் மேல் இந்த ஊர் போட்ட பழி இன்னும் அப்படியே நிற்கிறது. பொய்ப்பழியைக் காதால் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பது மட்டும் எந்த மார்க்கத்தில் புண்ணியம்? என் நிய்யத்தை, மனதில் உள்ள எண்ணத்தை, அல்லாஹ் அறிவான்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து விட்டாலும் மூக்கு ஊர் பெயரைச் சொல்லிவிடும். தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டைத் தொட்டியும் உள்ள டேனரி ஒன்று ஊர் நடுவே. அதன் சுவரை ஒட்டினாற்போல் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே என் மளிகைக் கடை. டேனரி முதலாளிதான் பள்ளிக்கூடத்துக்கும் மேனேஜர். அவரை நாங்கள் மேனேஜர் சாயபு என்போம். பள்ளிக்கூடம் அவருக்குத் தலையில் வைக்கிற குல்லாய் மாதிரி. வெளியே போகும்போது இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் இல்லை.

ஹெட்மாஸ்டர் வேறு ஒரு ரகம். புத்தகத்தில் போட்டிருந்தால் அவருக்கு அது உண்டு. போடாவிட்டால் கண்ணெதிரே நின்று கையை ஆட்டினாலும் அது இல்லை. என் கடைக்கு வந்து, "பாய், அரிசி எப்படி?" என்று கேட்பார், நான் ஒரு பிடி அள்ளி நீட்டினால் பார்க்காமல் மூட்டையில் அச்சடித்த மார்க்கைப் பார்ப்பார்.

அந்தக் காலத்தில்தான் மெட்ராஸிலிருந்து புதுப் பாடத்திட்டம் வந்தது. பிள்ளைகள் நெட்டுருப் போடக் கூடாதாம். கையால் செய்து, கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டுமாம். நல்ல பேச்சுத்தான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் செய்தது எப்படி என்று பாருங்கள். தோட்ட வேலை என்று போட்டிருந்தது. சுண்ணாம்பு ஊறிய அந்த மண்ணில் புல்கூட முளைக்காது. ஹெட்மாஸ்டர், "செடின்னுதான் போட்ருக்கு, உசிரோட இருக்கணும்னு போடல" என்று சொல்லி, எங்கிருந்தோ கிளைகளை ஒடித்து வந்து நட்டுவைத்தார். களிமண்ணில் பொம்மை செய்வது என்று போட்டிருந்தது. பிள்ளைகள் செய்தது மாடா ஆடா என்று தெரியவில்லை என்று சந்தையில் பொம்மை வாங்கி அடுக்கினார். தேகப் பயிற்சி மட்டும் ஒழுங்காக நடந்தது. அதற்குக் காரணம், டேனரிக்குக் கடப்பாக் கல் வந்து இறங்கிய நாளில் பிள்ளைகளே தூக்கி அடுக்கியதுதான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரே ஒரு மனிதர் பாடத்திட்டத்தை எழுத்தெழுத்தாக நம்பினார். நாங்கள் சின்ன வாத்தியார் என்று கூப்பிட்ட அவர் குடியாத்தத்தில் நெசவு செய்கிற குடும்பத்துப் பிள்ளை. டிரெயினிங் முடித்துவிட்டு வந்து, என் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் வாடகைக்கு இருந்தார். வேலை தற்காலிகம். அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்ல வார்த்தை எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பித் தகப்பனோடு தறிக்குழியில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"தறி ஒண்ணும் மோசமில்ல பாய்" என்பார் அவர். "ஆனா எனக்குப் பசங்க நடுவுல நின்னாத்தான் மூச்சு வருது."

"எங்க ஊர்ல மூச்சு வருதுன்னு சொன்ன மொதல் ஆளு நீங்கதான் சார்" என்று நான் கேலி செய்வேன்.

பாடத்திட்டத்தில் பூகோளத்துக்கு ஒரு விதி இருந்தது. இமயமலையில் தொடங்கக் கூடாது. தன் பள்ளிக்கூடம், தன் தெரு, தன் ஊர் என்று பிள்ளை தானே நடந்து அளந்து படம் போட வேண்டும். போட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப நடந்து சரிபார்க்கவும் வேண்டும். மேனேஜர் சாயபுவிடம் போய்க் கேட்டபோது, "காசு ஆவுமா?" என்றாராம். "ஆவாதுங்க" என்றாராம் சின்ன வாத்தியார். "அப்போ ஜோரா செய்ங்க."

ஜோராகத்தான் செய்தார். பிள்ளைகள் கயிற்றை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அளந்தார்கள். என் மகனும் அதில் ஒருவன். அந்த மாதம் முழுவதும் வீட்டில் சோற்றுத் தட்டையும் சாண் போட்டு அளந்தான். பிறகு பள்ளிக்கூட முற்றத்து மண்ணைக் கூட்டிச் சமனாக்கி, அதன் மேல் ஊரைப் போட்டார்கள். எங்கள் ஊரில் எது மலிவோ அதையெல்லாம் வைத்து! தெருக்கள் சுண்ணாம்புத் தூள். வீடுகள் செங்கல் பொடி. பள்ளிவாசலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் கூழாங்கல் அடுக்கு. பாலாற்றுக்குப் பாலாற்று மணலே. டேனரியிலிருந்து போகிற கழிவுநீர்க் கால்வாய்க்கு ஆவாரம்பட்டைத் தூள், அதே செம்பழுப்பு நிறம். என் கடைகூட இருந்தது. ஒரு புளியங்கொட்டை வைத்திருந்தார்கள்.

சொல்லிவைத்தாற்போல் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஒரு மத்தியானம் தண்ணீருக்குப் போகிற பெண்கள் குடத்தோடு முற்றத்தில் எட்டிப் பார்த்தார்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடாத காலத்தில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துத்தான் குடிதண்ணீர் மொள்ளுவோம். ஊற்று இருக்கிற இடத்தில் பிள்ளைகள் ஒரு நீலத் துண்டுக் கண்ணாடியைப் புதைத்திருந்தார்கள். பட்டைத் தூள் கோடு டேனரியில் தொடங்கி, பள்ளிக்கூடச் சுவரோரமாக வந்து, பள்ளிவாசல் தெருவைக் கடந்து, ஆற்றில் இறங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அந்தக் கண்ணாடி மின்னிற்று.

"அடியே, இது நம்ம ஊத்தா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா அக்கா. இன்னா இவ்ளோ கிட்டத்துல காட்டறாங்க?"

"காட்டறாங்க இன்னா? கிட்டத்துலதான் கீது. நாம குனிஞ்சி மொள்றோம், நிமிந்து பாக்கறதில்ல."

"அதான் எங்க வூட்ல தண்ணி சட்டி அடியில செவப்பா நிக்குது! நான் சட்டியத் திட்டினேன்."

அவ்வளவுதான் பேசினார்கள். மறுநாளிலிருந்து கால்வாய் சேருமிடத்துக்கு வெகு மேலே போய் ஊற்றுத் தோண்டினார்கள். கால்வாய் எங்கே போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை ஒரே தரையில் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை, அதுதான் சங்கதி. பாடத்திட்டம் எழுதிய மகானுபாவர்கள் எதை விரும்பினார்களோ அது அந்த மத்தியானம் நடந்தேவிட்டது. ஆனால் நடந்தது பெண்களுக்கு. பள்ளிக்கூடத்தில் அதற்கு மார்க்கு கிடையாதே.

சேதி மேனேஜர் சாயபு காதுக்குப் போயிற்று. கோபமாக வந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்து விசிறிக்கொண்டே படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னா வாத்தியாரே! பாடம் நடத்தச் சொன்னா என் டேனரிக்குக் கோடு போடறீங்களா?"

"பசங்க அளந்துதுங்க, போட்டுதுங்க. இருக்கறதத்தான் போட்டோம்" என்றார் சின்ன வாத்தியார்.

"இருக்கறதெல்லாம் போடுவீங்களோ? எங்க வூட்டு கக்கூஸும் கீது. அத எங்க போட்டீங்க?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதில் அவருக்கு இன்னும் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது. ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் உடனே பாடத்திட்டத்தைப் பிரித்தார். அதை அவர் இடுப்பில் தாயத்துப் போலச் செருகி வைத்திருப்பார்.

"தெரு, கோயில், கெணறு, ஆறு, பாதை. இவ்ளோதான் போட்ருக்குங்க. கால்வாய்ன்னு எங்கயும் போடல."

"போடலியா?"

"போடலிங்க."

"அப்போ தூக்கு அத!"

ஹெட்மாஸ்டர் தூக்கினார். பட்டைத் தூளைக் கூட்டி அள்ளச் சொல்லி, அந்த இடத்தில் சுண்ணாம்பைத் தூவச் செய்தார். ஒரு நிமிஷத்தில் கால்வாய் பாதை ஆகிவிட்டது. ஒரு கால்வாயைத் தூர்க்க சர்க்காருக்கு எத்தனை வருஷம் பிடிக்கும், யோசித்துப் பாருங்கள்!

"சார், இன்ஸ்பெக்டர் படத்தப் பாத்து நடப்பாரு. அதுவும் பாடத்திட்டத்துல கீது" என்றார் சின்ன வாத்தியார்.

"நான் சர்வீஸ்ல எத்தினி இன்ஸ்பெக்டரப் பாத்திருக்கேன். ஒருத்தராச்சும் நாற்காலிய வுட்டு எழுந்தாரா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

சின்ன வாத்தியார் அன்று என் கடையில் வந்து உட்கார்ந்தார். "படத்த மாத்திட்டாங்க. இப்ப நான் சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொல்லணுமா, இல்ல பசங்க போட்டது தப்புன்னு சொல்லணுமா பாய்?" என்று கேட்டார். நான் வெல்லம் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் ஹெட்மாஸ்டருக்கும் பயம் வந்துவிட்டது. படத்தைத் திருத்தியாயிற்று, ஊர் திருந்தவில்லையே! மேனேஜரிடம் சொல்லி டேனரி ஆட்களைக் கூட்டிவந்தார். பள்ளிக்கூடச் சுவரோரம் கால்வாய் வெளியே தெரிகிற இடம் முழுதும் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே போட்டு, கிழிந்த பாய்களை விரித்து, அதன் மேல் தொட்டியிலிருந்து எடுத்துப் போட்ட சக்கைப் பட்டையைப் பரப்பச் சொன்னார். எங்கள் ஊரில் சக்கைப் பட்டையைச் சேற்று வழியில் கொட்டி மிதித்து நடப்பது வழக்கம். அதனால் பார்க்கிறவன் கண்ணுக்கு அது சாட்சாத் பாதையேதான். பிளாச்சு தாங்குமா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

நான் கடையிலிருந்து இறங்கிப் போய்க் கேட்டேன். "இன்னா சார் இது?"

"பாதை போடறோம் பாய்."

"ஓடற கால்வாய் மேலயா?"

"நாளைக்கு ஒரு நாள்தான். எட்டிப் பாத்தா பாதை மாதிரி தெரிஞ்சா போதும்."

"கால வச்சாருன்னா?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரிய உத்தியோகத்துல கீறவங்க எட்டித்தான் பாப்பாங்க பாய். கால வைக்க மாட்டாங்க."

படித்தவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. படிப்பையே காணாதவன் முட்டாள்தனம் செய்தால் குழியைப் பார்க்காமல் விழுவான். குழியை வெட்டவெளியில் பார்த்துவிட்டு, அதன் மேல் பாய் விரித்து, இது குழி இல்லை என்று நம்புவதற்கு மட்டும் நல்ல படிப்பு வேண்டும்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ரயிலில் ஆம்பூரில் இறங்கி ஜட்காவில் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, தலைப்பாகை. ஹெட்மாஸ்டர் நினைத்த மாதிரி ஆள் இல்லை அவர். நாற்காலியில் உட்காரவேயில்லை. ஆனால் அவருக்கும் ஒரு கண்தான் இருந்தது. அதுவும் காகிதத்தைப் பார்க்கிற கண். நட்டுவைத்த கிளைகளைப் பார்த்து, "தோட்டம் செழிப்பு" என்றார்! பக்கத்தில் நின்ற என் மகன் அன்று வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

முற்றத்துப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதுதான் நாங்க கேட்டது. நடந்து சரிபாத்தீங்களா?" என்றார். ஹெட்மாஸ்டர், "பாத்தோம் சார்" என்றார். "அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. இந்தப் பாதை வழியா பள்ளிவாசல் தெருவுக்குப் போலாமில்ல?" என்று பிரம்பால் காட்டினார்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். முன்னால் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் ஹெட்மாஸ்டர், பின்னால் மேனேஜர் சாயபு, அவருக்குப் பின்னால் சின்ன வாத்தியாரும் பிள்ளைகளும். சுவரோரத்துக்கு வந்து நின்றார்கள். என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. கையில் தராசைப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வாத்தியார் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "வேணாம் சார்" என்றார். தெளிவாக, உரக்கச் சொன்னார். "அது பாதையில்ல. கீழ கால்வாய் போவுது."

இன்ஸ்பெக்டர் நின்றார். "உங்க கிளாஸ் போட்ட படந்தானே? படத்துல பாதைன்னு இருக்கே?"

"பசங்க கால்வாய்னுதான் போட்டாங்க சார். அப்புறம் மாத்தச் சொன்னாங்க."

ஹெட்மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "புதுசு சார். உங்களப் பாத்து பேஜாராயிட்டாரு."

இன்ஸ்பெக்டர் படத்தை நினைத்தார், பாதையைப் பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன. மூக்கையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சின்ன வாத்தியாரைக் கையால் விலக்கிவிட்டுக் காலை வைத்தார்.

முதல் காலுக்குப் பட்டை தாங்கியது. இரண்டாவது காலுக்குப் பிளாச்சு முறிந்தது. தொடை வரைக்கும் போய்விட்டார். செக்கச் சிவந்த பட்டைத் தண்ணீர், அதில் மிதக்கிற மயிரும் தோல் சவ்வும், சுண்ணாம்பு நாற்றமும். பிடிக்கப் போன ஹெட்மாஸ்டரும் பாயோடு சரிந்தார். சின்ன வாத்தியார்தான் குப்புறப் படுத்து இரண்டு பேரையும் இழுத்துக் கரையேற்றினார். நானும் ஓடிப்போய் ஒரு கை கொடுத்தேன். மேனேஜர் சாயபு, "அரே, அரே" என்று சொன்னதோடு சரி. அவர் வெள்ளைக் குல்லாயில் ஒரு சொட்டும் படவில்லை.

பிறகு நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். இன்ஸ்பெக்டருக்கு வெந்நீர், சோப்பு, அத்தர், புது வேஷ்டி, மத்தியானம் பிரியாணி. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது யார்மேல் தப்பு என்ற விசாரணை. ஹெட்மாஸ்டரே வழக்கு, ஹெட்மாஸ்டரே தீர்ப்பு: படம் தப்பு, படம் போட்டது சின்ன வாத்தியார் கிளாஸ், ஆகையால் தப்பு சின்ன வாத்தியாருடையது. இன்ஸ்பெக்டர் அதை ஏற்றுக்கொண்டார். பூகோளச் செய்முறை மிகச் சிறப்பு என்றும், பூகோள ஆசிரியர் கவனக் குறைவானவர் என்றும் ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போனாராம். இதை ஹெட்மாஸ்டர் மறுநாள் பிள்ளைகள் முன்னால் பெருமையாகப் படித்தே காட்டினார். பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம். சின்ன வாத்தியாருக்கு வேலை இல்லை.

நான் மேனேஜர் சாயபு வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பக்கத்தில் நிற்கிறவர்தானே, சொன்னால் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை.

"அவர் வேணாம்னு சொன்னத நான் காதால கேட்டேன். பாய் விரிச்சது யாருன்னும் கண்ணால பாத்தேன். நீங்களும் பின்னாலதான் நின்னீங்க" என்றேன்.

"மியா, உனக்குப் பருப்பு விக்கத் தெரியும். ஸ்கூல் விசயம் உனக்கின்னாத்துக்கு?"

"அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேணாமா?"

"சொல்லிக்கலாம். மொதல்ல சர்க்காருக்குச் சொல்லணும். ஹெட்மாஸ்டர் தப்புன்னா ஸ்கூல் தப்பு. ஸ்கூல் தப்புன்னா நான் தப்பு. வாத்தியார் தப்புன்னா ஒரு வாத்தியார்தான் தப்பு. நஷ்டம் கம்மியா போறது எது? யாவாரிதானே நீ, நீயே சொல்லு."

தோலை எடை போடுகிற மாதிரி மனிதனையும் எடை போட்டார். நான் சலாம் சொல்லிவிட்டு வந்தேன். அன்று முதல் அந்த வீட்டுக்கு என் கடையிலிருந்து சாமான் போகவில்லை. அவர்கள் நிறுத்தினார்களா நான் நிறுத்தினேனா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சின்ன வாத்தியார் பட்டப்பகலில்தான் ஊரைவிட்டுப் போனார். தகரப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். முற்றத்தின் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டு, அடுத்த பாடத்துக்கு ஹெட்மாஸ்டர் இடம் செய்துகொண்டிருந்தார். குடியாத்தம் வண்டி வந்து நின்றபோதுதான் சின்ன வாத்தியார் கேட்டார்: "பசங்க போட்ட படம் சரியாத்தானே இருந்துது பாய்?"

"சரியா இருந்துது சார். அதான் தொந்தரவு" என்றேன்.

சிரிக்க முயன்றார். வண்டி போய்விட்டது. தறியில் உட்கார்ந்தார் என்று பிற்பாடு குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருவர் சொன்னார். மறுபடி எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லையாம்.

அவர் போன பிறகு ஊர் வாய் வேலை செய்தது. முதலில், வாத்தியார் சரியாகச் சொல்லவில்லை என்றார்கள். பிறகு, சொல்லவேயில்லை என்றார்கள். கொஞ்ச காலத்தில் அவரே பாயை விரித்து, இன்ஸ்பெக்டரை வரவைத்து, பின்னாலிருந்து தள்ளினார் என்று ஆகிவிட்டது. கல்யாணப் பந்தியில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு வீட்டில், அவர் கால்வாயில் விழுந்தவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார் என்றுகூடச் சொன்னார்கள். சொன்னவன் அந்த நாளில் பிறக்கவேயில்லை!

இதைப் படிக்கிற உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பந்தியிலோ கடைவாசலிலோ இந்தச் சம்பவம் பேச்சில் வந்தால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். சுவைக்காக எதையும் சேர்க்க வேண்டாம். என்னை நல்லவனாகக் காட்ட வேண்டாம். மேனேஜர் சாயபுவை நான் சொன்னதைவிடக் கெட்டவராக்கவும் வேண்டாம், அவருக்கு அல்லாஹ் மன்னிப்பு அருளட்டும். எதை மறந்தாலும், "வேணாம் சார், அது பாதையில்ல" என்று அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவருடைய வேலை அந்த வார்த்தையோடு போயிற்று. வார்த்தையாவது இருக்கட்டும்.